சரவிளக்கு கேட்ட விலை

எட்மோன் ரோஷா 1988 நவம்பர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு ஜெனீவா ஏரிக்கரை ஹோட்டலின் பெரிய கூடத்தில் நான்காம் வரிசை ஏழாம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கைக்கடிகாரத்துக்கு விலை கேட்க ஆரம்பித்தார். பதினோரு வருடத்துக்கு ஆறு நாள் குறைவாக அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்த்துக் கேட்டது கூடத்தின் சரவிளக்கு. அந்த வாரம் ஏரியில் பிடித்த பெர்ச் மீன் கிலோ முப்பத்தெட்டு பிராங்க் விற்றது. அதுவே அநியாயம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ரோஷாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஜெனீவாவை ஒட்டிய கரூஜில் டிராம் திரும்பும் மூலையில் பழைய கைக்கடிகாரங்கள் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். மே மாதமும் நவம்பரும் ஏலம் நடக்கும்போது அவர் என்ன கேட்கிறார் என்று பார்த்துக் கேட்பதற்கென்றே நாலு பேர் பின்னால் உட்கார்வார்கள், அந்த அளவுக்குக் கண். அதனால் கையைத் தூக்கி விலை கேட்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. பெரிய வியாபாரிகள் எல்லோரையும் போல அவரும் ஏலக்காரரோடு இரகசிய அடையாளம் வைத்துக்கொள்வார்: ஒரு வருடம் மூக்குக்கண்ணாடி, ஒரு வருடம் பேனா, ஒரு வருடம் இடது காது. ஒவ்வொன்றையும் மிலானிலிருந்து வரும் ஒரு வியாபாரி இரண்டே நாளில் படித்துவிடுவார். அந்த நவம்பரில் ரோஷா காலையிலேயே ஹோட்டலுக்குப் போய், காப்பி குடித்துக்கொண்டிருந்த ஏலக்காரர் ஒலிவியே பெர்ஷூவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ அடையாளமே கெடையாது. நான் ஒக்காந்திருந்தா கேக்கறேன்னு அர்த்தம். எந்திரிச்சா விட்டுட்டேன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"காதச் சொறியறதெல்லாம்?"

"காத மிலான்காரன் மனப்பாடம் பண்ணிட்டான். இனிமே நான் சொறிஞ்சா அரிக்குதுன்னு எடுத்துக்கோ."

இருபது வருட நட்பு. இருவரும் சிரித்தார்கள். ரோஷா ஒன்றைச் சொல்லவில்லை: அன்றைக்கு வரவிருந்த 167-ஆம் உருப்படி அவருடைய சொந்தக் கடிகாரம். மனைவியின் அத்தை மகன் ஒருவர் நுஷாத்தெல் ஊரில் பல் வைத்தியர்; அவர் பெயரில் அதை ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். 1943-இல் செய்தது, இளஞ்சிவப்புத் தங்கம், இரண்டு பொத்தான் வைத்தது. செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம், அவர்களுக்கு இன்றும் வக்கீல்கள் உண்டு. முகப்பில் மட்டும் யாரோ எப்போதோ மறுபூச்சுப் பூசியிருந்தார்கள். ஆறாம் எண்ணுக்கு மேல் இருந்த எழுத்துகளில் ஒன்று மயிரிழை பருத்திருந்தது. அது ரோஷாவுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் தானே இரண்டு மூன்று தடவை விலையை ஏற்றிவிட்டுவிட்டு, சரியான நேரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஏரியைப் பார்ப்பது என்று திட்டம்.

பெர்ஷூவும் ஒன்றைச் சொல்லவில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் இதற்குக் கீழே கொடுக்காதே என்று விற்பவர் ஒரு அடிவிலை சொல்லி வைப்பார். கேட்கிறவர்கள் அதற்குக் கீழேயே நின்றுவிட்டால் ஏலக்காரர் கூடத்தின் கூரையைப் பார்த்து, அங்கே ஒருவர் கையைத் தூக்கியது போல அடுத்த விலையைக் கூவுவார். அங்கே இருப்பது சரவிளக்குதான். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது, அடிவிலை தொடும் வரை யாரும் தப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை. ரோஷாவுக்கும் தெரியும். ஆனால் பெர்ஷூ தன்னிடமே அதைச் செய்வார் என்று ரோஷாவுக்குத் தோன்றவில்லை. ரோஷா தன்னிடமே சொந்தச் சரக்கைக் கேட்பார் என்று பெர்ஷூவுக்கும் தோன்றவில்லை. சிநேகிதம் என்றால் இந்த மாதிரிக் கொஞ்சம் கண் மங்கத்தான் செய்யும்.

இருபத்துநாலாயிரத்தில் மிலான்காரர் பருத்த எழுத்தைக் கண்டுபிடித்து, விலை கேட்கத் தூக்கும் எண் அட்டையை மடியில் கவிழ்த்துக்கொண்டார். இருபத்தாறாயிரத்தில் ரோஷா மட்டும் உட்கார்ந்திருந்தார். அடிவிலை நாற்பத்திரண்டாயிரம். பெர்ஷூ ரோஷாவின் தலைக்கு மேலே, பின்பக்கமாக, கூரையைப் பார்த்து "இருபத்தெட்டு" என்றார். பின் வரிசையில் ஒரு பணக்காரர் சிக்கினார் என்று ரோஷாவுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. திரும்பிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர் ஏலக்கூடத்தில் பெரிய வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டான்; யார் கேட்கிறான் என்று திரும்பினால் பயந்துவிட்டான் என்று அர்த்தம். ரோஷா முப்பது வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. முப்பது அவர், முப்பத்திரண்டு சரவிளக்கு, முப்பத்துநாலு அவர் என்று ஏறி, நாற்பத்திரண்டு அவர் தலையில் வந்து நின்றது. பெர்ஷூ சந்தோஷமாகச் சுத்தியலை ஓங்கினார். தன் கடிகாரத்தைத் தானே வாங்கப் போகிறோம் என்று ரோஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் சரவிளக்கின் நடுத் தட்டில் ஒரு பல்பு அணைந்து எரிந்தது. பெர்ஷூ நினைக்காமலேயே அவர் வாய் "நாற்பத்துநாலு" என்றது.

தப்பித்தோம் என்று ரோஷா எழுந்தார். எழுந்தார் என்று சொல்வது பழக்கத்தில் வருகிறது, எழ நினைத்தார். முழங்கால் வரவில்லை. "நாற்பத்தாறு, முசியே ரோஷா" என்றார் பெர்ஷூ. பல்பு அணைந்து எரிந்தது.

மாலை ஆறு மணிக்கு விலை தொண்ணூறாயிரத்தில் ரோஷாவிடம் நின்றபோது, ஏலங்களை மேற்பார்வையிட உட்கார்ந்திருந்த நீதிமன்ற அலுவலர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கேட்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சுத்தியலை அடிக்க முடியாது. ஏலக்காரரோடு ஒப்புக்கொண்ட அடையாளம் செல்லும். எதிராளி மனிதனாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏலத்தை ஒத்திவைக்கலாம், அதற்கு இடமுண்டு. ஆகவே வாரத்துக்கு ஒரு சுற்று, வியாழன் காலை பதினொரு மணிக்கு, எதிர்ப்பக்கம் ஒன்று, ரோஷா ஒன்று என்று தீர்ப்பாயிற்று. 168-ஆம் உருப்படியும் அதற்குப் பின்னால் இருந்தவையும் வரிசைப்படி காத்திருக்க வேண்டியது.

அந்த வாரமே நாலு சுமைதூக்கிகள் ரோஷாவை இழுத்துப் பார்த்தார்கள், சட்டை கிழிந்தது. ஒரு தச்சர் நாற்காலியின் கால்களை அறுத்தார், பிறகு பலகையையும் உருவி எடுத்தார். ரோஷா அதே உயரத்தில், அதே கோணத்தில், ஒன்றுமில்லாததன் மேல் உட்கார்ந்திருந்தார். பார்க்க நன்றாக இல்லை என்று ஹோட்டல் நிர்வாகம் வேறு நாற்காலியை அடியில் செருகிக் கொடுத்தது. வைத்தியர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, இந்த வயதுக்கு அருமையான முழங்கால் என்றார். மூன்றாம் நாள் மின்பணியாளர் ஒருவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார்.

"யாருக்குப்பா ஏணி?" என்றார் ரோஷா.

"உங்க எதிராளிக்குத்தான், முசியே."

அப்போதுதான் ரோஷா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். மின்பணியாளர் பல்பைக் கழற்றினார், கம்பியைத் துண்டித்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வெற்றுக் குழியில் வெளிச்சம் ஒருமுறை அணைந்து எரிந்தது. பல்பைத் திரும்ப மாட்டிவிட்டு அரை நாள் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது ரோஷாவுக்கு பெர்ஷூவின் குட்டு தெரியும். அடிவிலை தாண்டியும் கூரைக்காகக் கூவினார் என்று வாயைத் திறந்தால் பெர்ஷூவின் தொழில் போகும். ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி, இந்தக் கடிகாரம் யாருடையது என்பது; சொந்தச் சரக்குக்குத் தானே விலை ஏற்றுவதும் குற்றம்தான். பல் வைத்தியர் ஒரு அதட்டலுக்குத் தாங்க மாட்டார். பெர்ஷூவும் இதற்குள் விசாரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு வியாழனும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மிக மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். நான்காம் வருடம் ஒரு வியாழனில் ரோஷா தாங்க முடியாமல் கூடத்தின் முன்னால் உரக்கச் சொல்லியே விட்டார்: "அது என் சொந்தக் கடிகாரம்." சொன்னால் முழங்கால் வரும் என்று நம்பியிருந்தார். பெர்ஷூ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அது ஊருக்கே தெரியும், எட்மோன். அதுக்காக நீ கேட்ட வெல கேக்காததா ஆயிடுமா?" நீதிமன்ற அலுவலர் அதைக் குறித்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை, அப்போது அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பல்பு அணைந்து எரிந்தது.

கூடம் சும்மா கிடக்கவில்லை. சனிக்கிழமைகளில் கல்யாண விருந்து, செவ்வாய்களில் இன்சூரன்ஸ்காரர்களின் கூட்டம். நான்காம் வரிசையை எடுத்துவிட்டு மேசை போட்டால் ரோஷா எந்த மேசைக்கு வருகிறாரோ அந்த மேசைக்கு ஒரு தட்டு கூடுதல். இருநூறுக்கு மேற்பட்ட கல்யாண ஆல்பங்களில் அவர் இருக்கிறார். டிசம்பரில் சாக்லேட் பானை உடைக்கும் திருநாளில், கூடத்திலேயே மூத்தவர் என்று அவரைத்தான் உடைக்கச் சொல்வார்கள், எழுபது வயதுக்காரர்கள் இருந்தாலும். மற்ற அவசியங்களுக்கு ஹோட்டல்காரர்கள் துணித் தட்டி வைத்தார்கள். ஊர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. செப்டம்பர் உபவாச நாள் எப்போதும் வியாழனில் வரும், அன்றைக்கு ஒரு சுற்று முடிந்ததும் பிளம்ஸ் பணியாரம் கொடுத்தார்கள். கிறிஸ்து விண்ணேறிய திருநாளும் எப்போதும் வியாழனில்தான் வரும். அன்றும் ரோஷா எழவில்லை.

அவருடைய மனைவி லிலியான் ப்யூல் ஊர்ச் சந்தையில் மாட்டு வியாபாரம் செய்தவரின் மகள். கல்யாணமான நாளிலிருந்து ரோஷா அவளைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார விட்டதில்லை; கடிகாரம் வேறு, கறவை மாடு வேறு என்பார். முதல் மாதம் வேறு வழியில்லாமல் கடையைத் திறந்தவள், வசந்தகாலத்துக்குள் மிலான்காரரிடமே இரண்டு கடிகாரங்களைக் கொள்ளை விலைக்குத் தள்ளியிருந்தாள். வாங்க வந்தவரின் பல்லைப் பார்த்தால் போதும் என்பாள். தினமும் மதியம் தூக்கில் மீன் வறுவல் கொண்டுவந்து கணவனுக்குக் கொடுப்பாள், கடைச் சங்கதி சொல்வாள், போய்விடுவாள். எப்போதும் நின்றுகொண்டே பேசுவாள். அந்தக் கூடத்தில் எந்த நாற்காலியையும் அவள் நம்பவில்லை.

வழி ஒன்று இருக்கிறது என்று ரோஷாவுக்கு இரண்டாம் வருடமே புரிந்தது. அந்த ஏலத்தில் நிஜமாக வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை. ஒருவன் சும்மா கேட்டான், ஒரு விளக்கு சும்மா கேட்டது. நிஜமாக வாங்கும் ஒருவர் குறுக்கே வந்தால் விளக்கு விட்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

"நீ ஒரு தடவ கையத் தூக்கு, லிலியான். வாங்கறதும் நாம, விக்கறதும் நாம. ரெண்டு பக்கக் கமிஷன்தான் போகும்."

"இன்னிக்கு வெல என்ன?"

"மூணு லட்சத்துப் பத்து."

"ரெண்டு பக்கமும் சேத்தா அறுபத்திரண்டாயிரம். எனக்கென்ன அவசரம்? போன வாரம் இந்த மூஞ்சி இத விடக் கம்மி வெலைக்குக் கெடச்சுது."

"அடுத்த வாரம் இன்னும் ஏறும்."

"ஏறட்டும். சரக்கு எங்கயும் ஓடிப்போகாது போலிருக்கே."

ஒவ்வொரு வருடமும் இந்தப் பேச்சு நடந்தது. ரோஷா தன்னைப் புகழ்ந்து பார்த்தார்: குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, முழங்காலைப் பற்றி வைத்தியரே சொல்லியிருக்கிறார். அவள் கேட்டுக்கொள்வாள், தூக்கைக் கழுவக் கொண்டுபோவாள். ஐந்தாம் வருடம் அழுதார். ஏழாம் வருடம் கடையைப் பாதி எழுதித் தருவதாகச் சொன்னார். "எந்தக் கடை? நான் நடத்தற கடையா?" என்றாள். ஏரியில் வடகாற்று வீசும் நாட்களில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தப் பக்கம் ஆட்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பது தெரியும். எழுந்தால் பதினாலு எட்டு வைத்தால் ஜன்னல். ரோஷா அந்தப் பதினாலு எட்டையும் தினமும் கண்ணால் நடந்தார்.

வியாழக்கிழமைகளில் தவறாமல் வந்தவர் இன்னொருவர் உண்டு: பன்னிரண்டாம் எண் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற முசியே ஷப்புயி. அவருக்கு வேண்டியது 168-ஆம் உருப்படி. சாதாரண எஃகுக் கடிகாரம், முந்நூறு பிராங்க் பெறும். இளவயதில் அதே மாதிரி ஒன்றைக் கட்டியிருந்து, பணமுடைக்கு விற்றவர். முதல் வியாழன் அட்டை வாங்கிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு சுற்று முடிந்ததும் "அடுத்த வாரம்" என்பார்கள், தொப்பியை எடுத்துக்கொண்டு போவார். பதினோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் ஒரு கடிகாரத்தை நிஜமாகவே வாங்க வந்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு கடிகாரம்.

1999 அக்டோபர் கடைசி வியாழனோடு ஐந்நூற்று எழுபத்திரண்டு சுற்றுகள் முடிந்தன. விலை இருபத்துமூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரம் பிராங்க், ரோஷாவிடம். சுற்று முடிந்து எல்லோரும் போனபின் ஷப்புயி ரோஷாவின் முன்னால் வந்து நின்றார்.

"முசியே ரோஷா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு எழுபத்தொம்பது ஆயிடுச்சு. நூத்தி அறுபத்தெட்டு வர்றதுக்குள்ள நான் போயிடுவேன் போலருக்கு. சும்மா சொல்லிவச்சேன்."

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மதியம் லிலியான் தூக்கோடு வந்தபோது ரோஷா மீனைத் தொடவில்லை. வழக்கமான பேச்சை அவர் ஆரம்பிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"லிலியான், நீ என்ன வாங்க வேணாம்."

"என்ன இது புதுசா?"

"இன்னிக்கு வெலைக்கு ரெண்டு பக்கமும் சேத்து நாலே முக்கால் லட்சம். கடை போயிடும். கடை நல்லா நடக்குது, என்ன விட நீ நல்லா நடத்தற. அத இத்தன வருஷம் சொல்லாம இருந்தேன், அது என் தப்பு. நீ கடைய வச்சுக்கோ. மீனும் தெனம் கொண்டுவர வேணாம், வேற யாராவது குடுப்பாங்க. அந்த டிராம்காரர் கிட்ட மட்டும் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுடு."

லிலியான் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுடைய அப்பா சந்தையில் எந்த மாட்டையும், சொந்தக்காரன் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும் வரையில் திரும்பியே பார்க்க மாட்டார். அவன் பேச்சை நிறுத்திக் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குப் புறப்படும்போதுதான் அருகில் போய் முதுகைத் தடவுவார். லிலியான் தூக்கை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் பத்து மணிக்கே பெர்ஷூவின் அறையில் இருந்தாள்.

"ரெண்டு பக்கக் கமிஷன் முடியாது, முசியே. ஒரு பக்கம்தான்."

"மதாம், அது எங்க கம்பெனி விதி."

"கூரையப் பாத்து வெல கூவினதும் உங்க கம்பெனி விதியா? அந்த வெளக்குக்கு வாயில்ல. எனக்கு இருக்கு."

"அப்ப கடிகாரம் யாரோடதுன்னும் கேப்பாங்களே, மதாம்."

"கேக்கட்டும். அதான் உங்களுக்கு ஒரு பக்கம் குடுக்கறேன். இல்லன்னா ஒண்ணுமே குடுத்திருக்க மாட்டேன்."

பெர்ஷூ பேனாவை எடுத்தார். ஒரு பக்கமே இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் வந்தது. அந்தக் காகிதத்தின் மேல், அதற்கு ஈடாக, கடையின் சாவிக்கொத்து ஒரு ஓரமாக உட்கார்ந்து எடையாக இருந்தது.

பதினொரு மணிக்குக் கூடத்தில் வழக்கமான ஏழெட்டுப் பேர். லிலியான் கதவோரம் நின்றாள். யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். பெர்ஷூ "167-ஆம் உருப்படி, தொடர்ச்சி" என்று சொல்லிக் கூரையைப் பார்த்தார். அந்தப் பல்பு அணைவதற்கு முன் லிலியான் அட்டையைத் தூக்கினாள்.

"இருபத்துமூணு லட்சத்து எண்பதாயிரம். எனக்கு வேணும்."

எல்லோரும் சரவிளக்கைப் பார்த்தார்கள். அது எரிந்துகொண்டிருந்தது, வெறுமனே, மற்ற விளக்குகளைப் போல. பெர்ஷூ ரோஷாவைப் பார்த்தார். ரோஷா திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பது வருடக் கட்டுப்பாட்டை விட்ட இரண்டாவது தடவை அது. பிறகு இரண்டு கையையும் தொடையில் ஊன்றினார். முழங்கால் இரண்டும் பழைய கதவு போலச் சத்தமிட்டன. எழுந்து நின்றார். உயரத்தில் ஒரு விரற்கடை குறைந்திருந்தார், அவ்வளவுதான். சுத்தியல் விழுந்தது. ஜன்னலுக்குப் பதினாலு எட்டு என்று கணக்கு வைத்திருந்தார், பதினேழு ஆயிற்று. அங்கே போய் ஏரியைப் பார்த்தார். அவர் முதலில் போட்ட திட்டமும் அதுதான்.

"168-ஆம் உருப்படி" என்றார் பெர்ஷூ. ஷப்புயியின் அட்டை அதற்கு முன்பே மேலே இருந்தது. எதிர்த்து யாரும் கேட்கவில்லை. பெர்ஷூ மேலே பார்க்கவில்லை. முந்நூற்றிருபது பிராங்குக்குப் போயிற்று. கிழவர் கடிகாரத்தைக் கட்டிச் சாவி கொடுத்து, மணி சரியா என்று லிலியானிடம் கேட்டார். அவள் தன் மணிக்கட்டில் இருந்த இளஞ்சிவப்புத் தங்கத்தைப் பார்த்து, இதை நம்பாதீங்க, இதோட முகப்பே மறுபூச்சு, சுவரில் பாருங்க என்றாள்.

ரோஷாவும் லிலியானும் அன்று பன்னிரண்டாம் எண் டிராமில் வீட்டுக்குப் போனார்கள். உச்சிப்பொழுது, டிராம் காலி. லிலியான் உட்கார்ந்தாள். ரோஷா கரூஜ் வரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். கடை மாதக் கடைசியில் கைமாறியது. வாங்கியவரிடம் லிலியான் சம்பளத்துக்குச் சேர்ந்தாள், ஒரு வருடத்தில் கூட்டாளியானாள். ரோஷா அங்கே கடிகாரங்களுக்கு எண்ணெய் போடுகிறார், நின்றபடி.

சரவிளக்கு அங்கேயேதான் இருக்கிறது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதன் நடுத் தட்டில் ஒரு பல்பு இப்போதும் அணைந்து எரிகிறது. என்ன கேட்கிறது, எவ்வளவுக்குக் கேட்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த ஒரு நிமிடம் முடியும் வரை கூடத்தில் இருப்பவர்கள் காப்பி கொண்டுவரச் சொல்லிக்கூடக் கையைத் தூக்குவதில்லை.